கழற்றி வைத்த ஸ்க்ரூ

காலை ஏழே முக்கால். கிள்ளானில் நம் தொழிற்பயிற்சி நிலையத்தின் இரும்புக் கதவு திறக்கும் நேரம். இருபத்தெட்டு ஆண்டுகளாக அதைத் திறந்து வந்தவர் காவலர் அல்லர். மாணவர் சேர்க்கை அதிகாரி உர்சுலா கிரிகரி. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வருகிறவர், கிள்ளானிலேயே குடியிருக்கும் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். இன்றோடு அவர் ஓய்வு பெறுகிறார்; திங்கட்கிழமை முதல் அந்தக் கதவை வேறு யாராவது திறக்க வேண்டும்.

அவைத் தலைவர் அவர்களே, உடன் உழைத்த நண்பர்களே, எங்கள் மதிப்பிற்குரிய அம்மையீரே!

பாராட்டு மடல் என்றால் சிகரமே, சுடரே என்று விளிப்பது வழக்கம். அப்படி விளித்தால் இவர் எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றப் போய்விடுவார். ஆகவே புகழை விட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வேறு யாரையோ பற்றிய கதை என்று எண்ணிக்கொண்டு அம்மையார் இருக்கையிலேயே இருக்க வேண்டுகிறோம்.

ஒரு பிள்ளை வாழ்க்கையில் தேறுமா என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது? சேர்க்கைக் குழுவில் ஆளுக்கொரு விடை இருந்தது. குழுத் தலைவர் பரமேஸ்வரன் மதிப்பெண்ணைப் பார்ப்பார். பட்டறைப் பயிற்றுநர் ஜெயராஜ் கை வேகத்தைப் பார்ப்பார். உர்சுலா இரண்டையும் மறுத்ததில்லை. ஆனால் நேர்முகத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூன்று முள் பிளக்கையும் ஒரு துண்டு ஒயரையும் கொடுத்து, மாட்டித் தரச் சொல்வார். ஒயரை இறுக்கிப் பிடிக்கும் பட்டையில் இரண்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும். அதில் ஒன்றைத் தன் கைப்பையிலுள்ள சிறிய திருப்புளியால் அவரே முன்பே கழற்றி வைத்திருப்பார். மூடியை மூடிவிட்டால் குறை வெளியே தெரியாது. மூடிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. குறையைச் சொல்லிவிட்டு நிற்கிறவர்கள் உண்டு. இரண்டாமவரைத்தான் அவர் தேடினார். அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் வென்றுவிடவில்லை. பாதியில் நின்றவர்களின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியதும் அவர்தான்.

இந்த வழக்கம் குழுவிலிருந்த மூவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பிளக்குகளை நேர்முகம்வரை வைத்திருக்கும் ஸ்டோருக்குப் புதிதாக வந்திருந்த கன்னையாவிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நேர்முகம். கட்டணமில்லாத இடம் ஒன்றுதான் மீதி. ஏழு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் மாட்டிக் கொடுத்தார்கள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. உர்சுலா ஒரு மூடியைத் திறந்தார். இரண்டு ஸ்க்ரூவும் இருந்தன. அடுத்ததைத் திறந்தார். அதிலும் இருந்தன. நேரே ஸ்டோருக்குப் போனார்.

“எல்லாத்துலயும் ஒண்ணு கொறஞ்சுது மிஸ்,” என்றார் கன்னையா, முகமெல்லாம் பெருமையாக. “குறை சாமானை எப்படிக் குடுக்குறது? நானே தேடித் தேடிப் போட்டுட்டேன்.”

உர்சுலா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் குழுவிடம் திரும்பினார். அந்த மனிதர் செய்ததைத் தவறென்று எப்படிச் சொல்வது?

“விடுங்க மிஸ், மார்க்க வெச்சு முடிச்சிருவோம் லா,” என்றார் தலைவர்.

மதிப்பெண்ணில் கடைசியாக இருந்தவள் மலர், சாலாக் செலாத்தானிலிருந்து வந்தவள். மார்க்கை வைத்து முடித்தால் முதலில் வெளியேறுகிறவள் அவள். அவள் எப்படிப்பட்டவள் என்பது தெரியாமலேயே போய்விடும்.

“நாளைக்குத் திரும்ப வைக்கணும். தப்பு எங்களோடதுன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்,” என்றார் உர்சுலா.

“இதெல்லாமா வெளிய சொல்லுவாங்க? நம்ம பேரு என்ன ஆகும்?”

“மூடிக் குடுத்துட்டுப் போகச் சொல்றீங்களா?”

தலைவர் மதிப்பெண் பட்டியலை மடித்து வைத்தார். அவர் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இதை எழுதச் சொன்னவரும் அவரே.

உர்சுலா கேன்டீனுக்குப் போய் ஏழு பேர் முன்னாலும் நின்றார். “நாங்க குடுத்த சாமான்ல தப்பு. உங்க மேல இல்ல, எங்க மேல. நாளைக்குக் காலைல எல்லாரும் திரும்ப வரணும்.”

“ஐயோ, மறுபடியுமா ஆன்டி!” என்று ஒரு பையன் தலையில் கை வைத்தான். மலர் மட்டும் அவருடனேயே வாசல்வரை நடந்தாள்.

“மிஸ், சுங்கை வே ஃபேக்டரில நாளைக்கு வேலைக்குச் சேரச் சொல்லியிருக்காங்க. போகலன்னா வேற ஆள் எடுத்துருவாங்க. இங்க வந்தா சீட்டு கெடைக்குமா?”

“தெரியாதும்மா. கெடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

தவறை ஒப்புக்கொள்வது தன் கடமை; ஆனால் அதற்கான விலையை இந்தப் பெண்ணல்லவா கொடுக்கப் போகிறாள்? அன்று மாலை ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போனவர், கேஎல் சென்ட்ரலில் இறங்க மறந்து, இரண்டு நிலையம் தாண்டி பேங்க் நெகாராவரை போய்விட்டார்.

மறுநாள் ஐந்து பேர்தான் வந்தார்கள். இரண்டு ரயில் மாறி வந்த மலர் கடைசியாக நுழைந்தாள். பிளக்கை வாங்கினாள். ஒயரைச் சீவினாள், முனைகளை மாட்டினாள், மூடியை வைத்தாள். கை நின்றது. மூடியை மறுபடி எடுத்தாள்.

“மிஸ், ஒரு ஸ்க்ரூ குறையுது. இழுத்தா ஒயரு வந்துரும்.”

“நேரம் முடிஞ்சிருச்சு. மூடிட்டா யாருக்குத் தெரியும்?” என்றார் தலைவர், வேண்டுமென்றே.

“மூடித் தரேன் அங்கிள். உங்க வீட்டுல மாட்டுவீங்களா?”

ஜெயராஜ் சிரித்துவிட்டார். உர்சுலா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மற்ற நால்வரும் மூடித்தான் கொடுத்திருந்தார்கள்.

அந்த இடத்தைப் பெற்ற மலர் இன்று சுபாங் ஜெயாவில் சொந்தமாக ஏர்கோண்ட் எனும் குளிர்சாதனம் பொருத்தும் வேலை எடுத்துச் செய்கிறார். அவரிடம் இருவர் வேலை பார்க்கிறார்கள். இவ்விழாவுக்கு அழைத்தோம். “அன்னிக்கு ஒரு வீட்டு வேலை கைல இருக்கு. பாதில விட்டுட்டு வந்தா மிஸ்ஸே திட்டுவாங்க லா,” என்றார். ஆகவே அவர் இங்கே இல்லை. இதைவிடப் பெரிய பாராட்டை எங்களால் எழுத முடியவில்லை.

அம்மையீர்! மதிப்பெண்ணும் வேகமும் ஒருவரைக் கதவுவரை கொண்டுவரும். உள்ளே நிலைக்க வைப்பது, யாரும் பார்க்காத இடத்திலும் குறையைக் குறையென்று சொல்லும் மனம். அதைப் பிள்ளைகளிடம் தேடினீர்கள். தேடுமுன் தாங்களே அப்படி இருந்தீர்கள். ரயில் நேரம் பாராமல் விடியும் காலைகள் தங்களுக்கு நிறைய வாய்க்கட்டும்! முழங்கால் வலி தணியட்டும்! நலமும் நிம்மதியும் நெடுங்காலம் துணை நிற்கட்டும்! இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். நிலையத்தில் மாட்ட மாட்டோம். வருகிற பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

தங்கள் கதவு வழியே நுழைந்து பணியாற்றும்,
நிலையத்தின் பணியாளர்கள், கிள்ளான்.

எல்லாரும் கையெழுத்திட்டோம். கடைசியாக வந்த கன்னையா, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறோம்:

“மிஸ், இனிமே அந்த ஸ்க்ரூவ யாரு கழட்டுறது?”