ஏழு பேரில் இல்லாத பெயர்

என் பெயர் மரிவோன் சலான். வயது ஐம்பத்தெட்டு. முகவரி: பதினோராம் எண், துறைமுகத் தெரு, போர்-கெரெல். முன்பு மருந்துக்கடை நடத்தினேன். தற்போது பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர், இன்னும் பதினொரு நாட்களுக்கு. யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

எர்வே கெமெரேயும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவர் மேயரானபோது நான் துணை மேயர். அதன் பிறகு அவர் நாடாளுமன்றத்துக்கு நின்ற மூன்று முறையும் நான் அவருடைய மாற்று வேட்பாளர். வென்றவர் அமைச்சரானால் அவர் இருக்கையில் மாற்று ஆள் உட்காரலாம். அமைச்சர் பதவி முடிந்து ஒரு மாதமானால் இருக்கை தானாகவே அவருக்குத் திரும்பிவிடும். சுவரொட்டியில் அவர் முகம் தட்டு அளவு, என் முகம் தபால்தலை அளவு. படகு படகாக ஏறி இறங்கி வாக்குக் கேட்டவள் நான்.

அதன் பிறகு அவர் மீன்வளத்துறை அமைச்சரானார். நான் இரண்டு ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்து, ஒரு நாள் தவறாமல் அவைக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை சந்தையில் சிப்பி விற்கும் ஜோசியான், "நீங்களும் நல்லாத்தான் பேசுறீங்கம்மா. ஆமா, நம்ம நெஜ எம்.பி. எப்ப வருவாரு?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடந்த மாதம் அவரைப் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையர் பதவிக்கு முன்மொழிந்தார்கள். அவர் அமைச்சர் பதவியை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். "பிரஸ்ஸல்ஸ்ல என்னை ஏத்துக்கிட்ட அன்னைக்கே எனக்கு இந்த சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துடுறேன், மரிவோன். உனக்கே வெச்சுக்கோ. எனக்குத்தான் இனிமே பத்தாதே!" என்றார். நான் நன்றி சொல்லி அவருக்கு ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு, மறுநாள் காலை பத்து மணிக்கு, என்னிடம் இருந்த சாவியால் அவருடைய தொகுதி அலுவலக அலமாரியைத் திறந்தேன். அவர் மேயராக இருந்தபோது மீனவர் சங்கத் தலைவருக்குக் கைப்பட எழுதிய கடிதத்தின் நகல் அங்கே இருந்தது. வலைக்கண் அளவு பற்றிய ஐரோப்பிய விதியை மதிக்க வேண்டாம், பழைய வலைகளையே போடுங்கள், அதிகாரிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதில் இருக்கிறது. அதை எடுத்து, அனுப்புநர் பெயர் இல்லாமல், அந்தப் பதவிக்குத் தகுதியானவரா என்று அவரை விசாரிக்க இருந்த ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அதன் பிறகு நடந்த விசாரணையைக் கட்சிக்காரர்களோடு காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கடிதத்தை ஒரு பெண் உறுப்பினர் உரக்கப் படித்தார். எர்வே மூன்று முறை தண்ணீர் குடித்தார். குழு அவரை நிராகரித்தது. எல்லோரும் தலையில் கை வைத்தார்கள், நானும் வைத்தேன்.

அவர் தோற்றால் இங்கே திரும்பி வருவார், என் இருக்கை போய்விடும் என்பது எனக்கு முன்பே தெரியும். தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம். அப்படித்தான்.

அதன் பிறகு அவர் கடிதம் திருடு போனதாகப் புகார் கொடுத்து, தனக்குச் சந்தேகமுள்ள ஏழு பேரின் பெயரையும் தந்திருக்கிறார். அதில் அவருடைய ஓட்டுநர், முன்னாள் மனைவி, அலுவலகம் பெருக்கும் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். நேற்று மதியம் அவர் என் தோளைத் தட்டி, "உன்னைப் பத்தியும் போலீஸ்ல கேட்டாங்க. அட, மரிவோனா? பாவம், அவளுக்கு அதெல்லாம் வராதுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். என்னைக் காப்பாற்றியதாக நினைத்து அவர் சிரித்தார்.

இரவு முழுக்கத் தூங்கவில்லை. இன்று காலை இங்கே வந்துவிட்டேன்.

கடிதத்தை எடுத்தது நான். தனியாகச் செய்தேன். யாரும் தூண்டவில்லை. அந்த ஏழு பேரையும் விட்டுவிடுங்கள். இதை அவருக்குக் கடிதமாக அனுப்பாமல், ஓர் அதிகாரி நேரில் போய்ப் படித்துக்காட்டி, அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் ஒரு சொல்லையும் மாற்றவோ நீக்கவோ விரும்பவில்லை.

(ஒப்பம்) மரிவோன் சலான்