இருபது புள்ளிச் சலுகை

கேரம் போர்டில் பவுடர் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், தேவமணி அம்மா. நம் மகளிர் கேரம் லீக்கின் தொடக்க விழாவில் நீங்கள் டப்பாவைக் கவிழ்த்ததைப் பார்த்து, குளிப்பாட்டின பிள்ளைக்குப் பூசுகிறீர்களோ என்று நினைத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தலைவி ஆயிற்றே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆட்டம் தெரியாதவரைத் தலைவியாக வைப்பதில் ஒரு வசதி உண்டு. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

இப்போது நீங்களே ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறீர்கள். பிச்சம்மாளின் விரல் போனதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டா என்று எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். மணப்பாட்டில் மீன் பிடிக்கும் என் தம்பி வளன், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, மனம் பொறுக்காமல் நேராகப் பிச்சம்மாளின் புருஷனிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவன் கொட்டிய பிறகுதான் உங்களுக்குக் கேட்கும் தைரியம் வந்திருக்கிறது. பரவாயில்லை. என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நம் துறைமுகக் குடியிருப்பு மன்றத்தில் ஆண்களுக்கு பில்லியர்ட்ஸ் மேசை உண்டு. பெண்கள் தொட்டால் அந்தப் பச்சைத் துணி கிழிந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். நமக்குப் பக்கத்து அறையும் நாலு கேரம் போர்டும். எழுபத்து நாலில் லீக்கைத் தொடங்கியவள் நான். அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் கோப்பை என் அலமாரியில் இருந்தது. மற்றப் பெண்கள் ஆடினார்கள் என்று சொல்ல முடியாது, காயைத் தள்ளினார்கள். பிளாரன்ஸ் ஸ்ட்ரைக்கரையே குழியில் போட்டுவிட்டு, அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். நல்ல வருடங்கள் அவை. சலுகைப் புள்ளி என்ற பேச்சே அப்போது இல்லை. தேவைப்படவில்லை.

எழுபத்தேழு ஜூனில் பிச்சம்மாள் வந்தாள். கிரேன் ஓட்டும் சங்கரபாண்டியனின் மனைவி. என் வீட்டுக்கு அடுத்த வீடு. ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் வயல்காட்டு ஊர்க்காரி, கையில் மூன்று மாதக் குழந்தை. லீக்கில் சேரட்டுமா என்று கேட்டாள். பதினொரு பேர் இருந்தோம், பன்னிரண்டு ஆகட்டும் என்று சேர்த்தேன். இரக்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவளுடைய அண்ணன்மார் சைக்கிள் கடை வைத்திருந்தார்களாம். கடையில் ஒரு கேரம் போர்டு கிடந்ததாம். ஆட ஆள் குறையும்போதெல்லாம் தங்கச்சியை இழுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இதை அவள் முன்கூட்டியே என்னிடம் சொல்லவில்லை. முதல் நாள் மன்றத்து விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டாள். தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "இங்க காத்துல கூட உப்புக் கரிக்கு, இல்லியாக்கா?" என்று பேசிக்கொண்டே, இருபத்தொன்பதுக்கு மூன்று என்று என்னை முடித்தாள். பிள்ளை ஒரு தடவைகூட விழிக்கவில்லை.

எனக்காக நான் வருத்தப்படவில்லை. மற்றவர்களை நினைத்துத்தான் மனம் கஷ்டப்பட்டது. ஒருத்தி மட்டும் அப்படி ஆடினால் மற்றவர்களுக்கு என்ன நியாயம்? ஆண்கள் பில்லியர்ட்ஸ் ஆடும்போது, கைதேர்ந்தவன் சுமாரானவனுக்கு முதலிலேயே சில புள்ளிகள் கொடுத்துவிட்டு ஆடுவான். என் வீட்டுக்காரர் ரோச் பல வருடமாக அந்தப் புள்ளிகளில்தான் மானத்தோடு வீடு திரும்புகிறார். அந்த முறையை நம் லீக்குக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், படித்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

ஜூலையில் பிச்சம்மாளோடு ஆடுகிறவர்களுக்கு ஐந்து புள்ளி. ஆகஸ்டில் பத்து. செப்டம்பரில் பதினைந்து. அக்டோபரில் இருபது. அதாவது எதிரே இருப்பவள் ஒன்பது எடுத்தால் ஜெயித்துவிடலாம், பிச்சம்மாள் இருபத்தொன்பதும் எடுத்தாக வேண்டும். எடுத்தாள். ஒரு தடவையாவது அவள் முகம் சுளித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கிடுங்கக்கா. எனக்கு ஆடணும், அவ்வளவுதான்" என்றாள். கொடுக்கிறதைக் கூடக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிற ஜென்மம்.

அதைவிடக் கேவலம் பிளாரன்ஸ். யாருக்காக நான் இவ்வளவு பாடுபட்டேனோ அவளே வந்து, "யக்கா, எனக்கு இந்த இருபது வேண்டாம். சும்மா வாங்கி ஜெயிச்சா அது ஜெயிச்சதாவுமா? அவகூடத் தோத்துத் தோத்துத்தான் எனக்கு நேரா அடிக்கவே வந்துச்சு" என்றாள். தோற்க ஆசைப்படுகிறவளிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது. பட்டியல் பட்டியல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு, நான் ஒரு காயைத் தவறவிட்டேன். பிச்சம்மாள் எட்டி என் மணிக்கட்டைத் தொட்டு, "கைய லேசா விடுங்கக்கா. ஸ்ட்ரைக்கரப் பிடிச்சித் தொங்குதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று, தன் ஆட்காட்டி விரலால் சுண்டிக் காட்டினாள். பத்துப் பேர் சிரித்தார்கள். மரியசெல்வி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நிதானமாக யோசித்தேன். புள்ளியைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே குறைப்பதுதான் முறை. அது அவளுடைய வலது கை ஆட்காட்டி விரலில் இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கையில், வளனிடம் ஒரு சின்னத் திருக்கை மீன் கேட்டேன், வாலோடு வேண்டும் என்று. நீங்கள் கடற்கரைக்காரர் இல்லை, அதனால் சொல்கிறேன். திருக்கைக்கு வாலின் அடியில் ஒரு முள் உண்டு. அரம்போலப் பல்லும், பல்லுக்குப் பல் விஷமும் உள்ள முள். மீன் செத்தாலும் விஷம் சாகாது. அதனால் எங்கள் ஆட்கள் கடலிலேயே வாலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். சந்தையில் நீங்கள் வாலோடு ஒரு திருக்கையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"வாலு எதுக்குக்கா? யார அடிக்கப் போற?" என்று சிரித்தான் வளன். அந்தக் காலத்தில் அந்த வாலைக் காயவைத்துச் சவுக்காக வைத்திருப்பார்கள். உனக்கு எதற்கு அதெல்லாம், கொண்டுவா என்றேன். கொண்டுவந்தான். சாப்பாட்டுத் தட்டு அளவு, கொழகொழவென்று நல்ல புது மீன்.

பால் கொடுக்கிற தாய்க்குத் திருக்கை கொடுப்பது எங்கள் வழக்கம். பால் நன்றாகச் சுரக்கும். அப்படிச் சொல்லி, வாழை இலையில் சுற்றி, பிச்சம்மாள் வீட்டுப் பின்வாசலில் வைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா கூட இங்கன வந்து பாக்கலக்கா" என்றாள். ஆற்று மீனைத் தவிர வேறு மீன் தெரியாதவள். திருக்கைக்குப் பிடி கிடைக்காது, வழுக்கும். கடற்கரையில் நடக்கப் பழகிய பிள்ளைகூட அந்த வாலின் பக்கம் கையைக் கொண்டுபோகாது. ஆனால் வயல்காட்டிலிருந்து வந்தவளுக்கு அந்த வால், தூக்குவதற்கென்றே வைத்த கைப்பிடி மாதிரி இருக்கும். நான் எதையும் செய்யவில்லை பாருங்கள். மீனைக் கொடுத்தேன். பிடித்தது அவள்.

நான் என் அடுக்களைக்கு வந்து காப்பி போட்டேன். ஒரு வாய் குடித்திருப்பேன், சத்தம் கேட்டது.

முள் விரலின் நடுக் கணுவில் ஏறியிருந்தது. திருக்கை குத்தினால் கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் வைக்க வேண்டும், விஷம் அடங்கும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் ஐஸ் கொண்டுபோனேன். காலையிலேயே வாங்கி, உமியில் புதைத்து வைத்திருந்தேன். "இதுல அழுத்தி வையி பிச்சம்மா, வீக்கம் வத்தும்" என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். சங்கரபாண்டியன் வேலை முடிந்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். பால் கொடுக்கிறவளுக்கு ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது, இரண்டு நாள் பொறுங்கள் என்று நான்தான் நிறுத்தினேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். மூன்றாம் நாள் கை முழங்கை வரைக்கும் கறுத்து வீங்கியது. பத்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை அடியோடு எடுத்தார்கள். கை தப்பியதே பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னாராம்.

இறுதி ஆட்டத்தில் பிளாரன்ஸை இருபத்தொன்பதுக்குப் பதினொன்று என்று ஜெயித்தேன். யாரும் கைதட்டவில்லை. இந்தக் குடியிருப்புப் பெண்களுக்கு நல்ல ஆட்டத்தை ரசிக்கத் தெரியாது.

வளன் உளறிய மறுநாள் பிச்சம்மாள் என் வீட்டுக்கு வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. நான் பயப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது முதல் என்னிடம் சிரித்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள், அன்று சிரிப்பு இல்லை.

"வளன் அண்ணாச்சி சொன்னாவ" என்றாள்.

"உக்காரு" என்றேன்.

"சண்டைக்கு வரலக்கா. போர்ட எடுங்க."

எடுத்தேன். அவள் பிள்ளையை வலது கையால் அணைத்துக்கொண்டாள், நாலு விரலால். இடது கையில் ஸ்ட்ரைக்கரை எடுத்தாள். நாலு மாதமாக வீட்டுக்குள் தரையில் போர்டைப் போட்டு இடது கையால் பழகியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். முழு ஆட்டமும் பிள்ளையைக் கீழே விடவில்லை. இருபத்தொன்பதுக்கு நாலு. எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்கு எத்தன பாயிண்டுன்னு எழுதிக்கிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் கேள்விக்குப் பதில், சம்பந்தம் உண்டு. வாலோடு மீனைக் கொடுத்தது நான். வெந்நீர் வைக்க வேண்டிய இடத்தில் ஐஸ் வைத்தது நான். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்ததும் நான். எனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை, எல்லாம் ஆடத் தெரியாத அந்தப் பத்துப் பேருக்காகத்தான். கோப்பை என் அலமாரியில் இருப்பது வேறு விஷயம்.

அடுத்த பருவத்துக்கான சலுகைப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிச்சம்மாளின் பெயருக்கு நேரே இருபத்தைந்து போட்டிருக்கிறேன். அதுவும் போதாமல் போனால், அவளுடைய இடது கையில் இன்னும் ஐந்து விரல்கள் இருக்கின்றன என்பதைக் குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.