புகார் கொடுத்தவள் வீட்டுக்கே பூட்டு

இந்த அவையைத் தாங்கி நிற்கும் தலைவர் அவர்களே, மேடையை அழகுசெய்யும் ஆன்றோர்களே, நரையோடு நியாயமும் கூடிய பெரியவர்களே, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆத்திரத்தோடு நான் வரவில்லை. ஆத்திரம் ஆறிவிடும். அதிர்ச்சியோடு வந்திருக்கிறேன், அது இன்னும் ஆறவில்லை.

எனக்குக் கீழ்வீட்டில் ஒரு தையற்கார அம்மா குடியிருக்கிறார். கணவர் லாரி ஓட்டுபவர். வீடு தங்குவது அபூர்வம். மாமியாரும் மருமகளான இவரும் தையல் மிஷினும் ஒரே அறையில். அந்த அறையின் பின்சுவரில் எப்போதும் ஈரம். சுவருக்குள்ளே குழாய் உடைந்திருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "சுவர்னா வேர்க்கத்தாம்மா செய்யும்" என்பார். வேர்க்க அந்தச் சுவர் என்ன மூட்டையா தூக்கியது? சிரிக்கிறீர்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் மாமியாருக்குத் தலை சுற்றியது. சுவரில் கையூன்றினார். கை உள்ளே போயிற்று. ஆம் தாய்மார்களே, முழங்கை வரை போயிற்று! ஊறிய ரொட்டிபோல் செங்கல் உதிர்ந்தது. உள்ளே உரிந்து கிடந்த மின்கம்பி, விரலுக்கு எட்டும் தூரத்தில்.

"அத்தே, அசையாதீங்க" என்று மருமகள் ஓடிப்போய் மெயினை அணைத்தார். கையை வெளியே எடுத்த மாமியார் கேட்டாராம், "நான் என்ன அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

மருமகளின் புகார் மாநகராட்சிக்குப் போயிற்று. ஆய்வாளர் வந்தார். சுவரைத் தட்டினார், கம்பியைப் பார்த்தார், முகம் வெளுத்தார். மனிதர் வாழத் தகுதியற்ற கட்டடம் என்று எழுதினார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் நடந்தது என்ன? மறுநாள் வாசலுக்குச் சீல். பாயும் பாத்திரமும் தெருவில். மாமியாரும் மருமகளும் தெருவில். என் குடும்பமும் தெருவில்.

எதிரே நின்ற வீட்டுக்காரர் முகத்தில் கவலையா? களிப்பு! "காலி பண்ணுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இப்ப மாநகராட்சியே பண்ணிக் குடுத்துடுச்சு. இடிச்சுட்டுக் கடை கட்ட வேண்டியதுதான்" என்றார். சுவரைச் சாக விட்டவருக்குப் பரிசு. சுவரைப் பற்றிச் சொன்னவருக்குத் தெரு. இதற்குப் பெயர் நடவடிக்கையா?

எங்களில் ஒருவரே அந்த அம்மாவைப் பார்த்து, "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா நாங்க வீட்டுக்குள்ள இருந்திருப்போம்" என்றார். மாமியார் விடவில்லை. "என் கை சுவத்துக்குள்ள போச்சு, பொழச்சேன். உன் புள்ள கை போயிருந்தா?"

தையற்கார அம்மா மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். மாநகராட்சி அலுவலகத்தில், உயரதிகாரியின் அறைவாசலில் இறக்கித் தைக்கத் தொடங்கினார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார், "இங்கெல்லாம் தைக்கக் கூடாதும்மா."

"தைக்கிற இடத்தை நீங்க பூட்டிட்டீங்க. வேற எங்க போய்த் தைக்கிறது?"

உயரதிகாரி வெளியே வந்தார். "ரூல்ஸ்படிதாம்மா செஞ்சோம்."

"தப்பு பண்ணினது வீட்டுக்காரர். தெருவுல நிக்கிறது நாங்க. இது என்ன நியாயம் சார்?"

அப்போது ஆய்வாளரே வாய் திறந்தார். "சார், வீட்டுக்காரர் செய்யலேன்னா நாமளே ரிப்பேர் பண்ணிட்டு அவர்கிட்ட செலவை வசூலிக்கலாம். சட்டத்துல இடமிருக்கு."

"அப்ப ஏன் இதுவரைக்கும் செய்யல?"

"யாரும் கேக்கல சார்."

கேட்டீர்களா? சட்டம் இருந்தது! இத்தனை காலமும் இருந்தது! கையில் மருந்தை வைத்துக்கொண்டா வீடு வீடாகப் பூட்டினார்கள்? கை சுவருக்குள் போனபோதுகூட நான் இவ்வளவு அதிரவில்லை.

காலியாகக் கிடந்த ஊழியர் குடியிருப்பில் எங்களைத் தங்கவைத்தார்கள். மாநகராட்சி ஆட்களே சுவர் எழுப்பி, குழாயும் கம்பியும் மாற்றினார்கள். செலவு வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. சீலை உடைத்து எங்களை உள்ளே அனுப்பியவர் அதே ஆய்வாளர்.

தோழர்களே, நாளைக் காலை பக்கத்துத் தெருவில் சீல் வைக்க வருகிறார்கள். அந்தக் குடும்பங்கள் இதோ, இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றன. தடுக்கப் போகவேண்டாம், இடியும் வீட்டில் எவரும் இருக்கக்கூடாது. கேட்கப் போவோம். ஆயிரம் குரலாய்க் கேட்போம். பூட்டுகிறீர்கள், சரி. யார் செப்பனிடுவார்? எப்போது திறப்பீர்கள்? அதுவரை இவர்கள் எங்கே உறங்குவார்கள்? பதில் வந்தபின் பூட்டு விழட்டும்!

பொறுமையோடு செவிகொடுத்த பெருமக்களுக்கு நன்றி. நாளைக் காலை அந்தத் தெருவில் உங்கள் முகம் பார்த்து மீண்டும் வணங்குவேன்.