நாற்பத்தொன்றாம் எண்

எலிகள் அழுக்கு என்று சொல்பவர்கள் எலி வளர்த்ததில்லை. பொழுதுக்கும் முகம் கழுவிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாற்றமடிப்பது கூண்டுதான், எலி அல்ல.

குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதத்தை எலிகளுக்கு வரவழைப்பது என் வேலை. ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் பாதம் வீங்கும். அளந்து நோட்டில் குறிப்பேன். பதினோரு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செய்தேன். ஆனால் அந்த நோய் குழந்தைகளுக்குக் கண்ணையும் கெடுக்கும். வலிக்காது, சிவக்காது; சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும். என் எலிகளுக்கோ மூட்டு வீங்கியதே தவிர, கண் பளபளவென்றே இருந்தது. கண்ணுக்கென்றே கடைசியாக எடுத்த நாற்பது எலிகளும் என்னைக் கைவிட்டுவிட்டன.

அந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்கு முழங்கால் வீங்கியது. ஆறு வயது. அதே நோய். கண்களிலும் லேசாகத் தொடங்கியிருந்தது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் பயமில்லை என்றார்கள்.

அக்கா வேலைக்குப் போகிறவள். மருந்து போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"நீ இருக்கியேடா, அதான் எனக்குத் தெம்பு," என்றாள்.

ஒரு குப்பியைக் கழுவி உப்புநீர் நிரப்பினேன். அது எரியாது. குழந்தையை அழவைக்க எனக்கு மனம் வராது. ஞாயிறுதோறும் விளக்கடித்துப் பார்த்தேன். ஐந்தாம் வாரம் கண்மணியின் வட்டம் கோணியது. அழகாக வரைந்துகொண்டேன். பிறகொரு நாள், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னேன்.

"மாமா, உங்க மூஞ்சியில பாதியக் காணோம்," என்று சிரித்தாள்.

மணி பார்த்துக் குறித்தேன்.

நோட்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக் கால்நடை மருத்துவர் கையில் சிக்கியது. நாற்பத்தொன்றாம் எண்ணுக்குக் கூண்டைத் தேடி அலைந்திருக்கிறார்.

"எடை பதினெட்டு கிலோன்னு போட்டிருக்கு. இது என்ன எலி சார்?"

சொன்னேன். கை கழுவும் தொட்டியில் குடம் குடமாக வாந்தியெடுத்தார். குழாயைத் திறந்து நான்தான் கழுவிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் சுத்தம் முக்கியம்.

அக்கா என் முகத்தில் காறித் துப்பினாள். "உன்னைத் தொட்ட கையை எங்கடா கழுவுவேன்?" என்றாள். படித்தவள், யோசித்தால் புரிந்துகொள்வாள்.

ஆமாம், இடது கண் போய்விட்டது. தெரிந்தேதான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: வலது கண்ணுக்குக் கடைசிவரை நல்ல மருந்துதான் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டியிருந்தது, உண்மைதான். இருந்தாலும், பாசமில்லாதவன் இரண்டையும் எடுத்திருப்பான்.