வாழைப்பழ வாசனைத் தயிர்

தயிர் கெட்டியாக உறைவது பாலின் கையில் இல்லை சார், உறைமோரின் கையில் இருக்கிறது. எங்கள் நகரிப் பக்கத்தில் அதைத் தோடு என்போம். தெலுங்குச் சொல், துணை என்றும் அர்த்தம். தனியாகக் கிடக்கிற பாலுக்கு ஒரு துணை, அவ்வளவுதான். விசாரணைக் குழு என்று மூன்று பேர் வந்திருக்கிறீர்கள், மூவரும் படித்தவர்கள். இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும்.

என் பெயர் தாட்சாயணி. திருப்பதியில் இந்தக் காலேஜ் ஹாஸ்டலுக்கு மெஸ் நடத்துகிறேன். பிள்ளைகள் வயிறு வாட விட்டதில்லை. தயிர் ஒன்றுதான் குறை. பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து என் தோடு சரியாகப் பிடிக்காமல் அது தண்ணீராகவே நின்றது. வார்டன் கங்கையா ஒருநாள் கரண்டியில் மொண்டு காட்டினார்.

"ஏம்மா, இது மோரா, கழனித் தண்ணியா? ஆண்டு விழாவுலயும் இதையே ஊத்து. பெங்களூர் கேட்டரிங் கம்பெனிக்காரன் காலேஜ் கேட்டாண்டயே நின்னுக்கினு கீறான்."

மெஸ் போனால் எனக்கு வேறு பிழைப்பில்லை. இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அந்த வாரம்தான் தரணி ஒரு டிபன் டப்பாவோடு வந்தாள். சத்தியவேட்டுப் பெண், பயோடெக் படிக்கிறாள். ஏதோ போட்டிக்காக அவளும் கூட்டாளிகளும் லேபில் புதுவிதக் கிருமி ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே, லேப் ஃப்ரிட்ஜ் ரிப்பேரு. இத உன் ஃப்ரிட்ஜ்ல ஒரு நாளு வச்சிக்கோ. சார்கிட்ட சொல்லிடாத."

"இன்னாடி இது, வடிச்ச கஞ்சி மாரி கீது?"

"நாங்க செஞ்ச கிருமி அத்தே. வாழப்பழ வாசன வுடும். தோடு மாரின்னு வச்சிக்கோயேன். துளி வுட்டா போதும், வளந்துக்கினே போவும்."

தோடு என்று சொன்னது அவள்தான், நான் இல்லை. லேபுக்குள் சாப்பாடு வைக்கக் கூடாது என்று அந்தக் கதவில் ஒட்டியிருக்கிறீர்கள். சாப்பாட்டு ஃப்ரிட்ஜில் லேப் சாமான் வைக்கக் கூடாது என்று என் கதவில் யாரும் ஒட்டவில்லை.

ஆண்டு விழாவுக்குப் பால் காய்ச்சி, ஆறவைத்து, வழக்கமான தோடு விட்டேன். கூடவே டப்பாவிலிருந்தும் ஒரு கரண்டி விட்டேன். டப்பாவை அவளிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. விடிந்து மூடியைத் திறந்தால் ஏலக்கி வாழைத் தாரையே உள்ளே இறக்கிவைத்த மாதிரி மணம். பையன்கள் மறுபடி மறுபடி வரிசையில் வந்தார்கள். கங்கையா இலையை வழித்து நக்கினார். கம்பெனிக்காரர் ஊருக்குப் போய்விட்டார்.

தோடு கேட்டு வருபவளை இல்லையென்று அனுப்புவது எங்களில் வழக்கமில்லை. கேட்டார்கள், கொடுத்தேன். காணிப்பாக்கத்தில் தயிர்சாதம் விற்கிற என் நாத்தனார் அம்சவேணி ஒரு தூக்கு வாங்கிப் போனாள். அவளிடம் யார் யார் வாங்கினார்கள் என்பது அவளுக்கே தெரியாது. வார்டன் மகள் அமெரிக்கா கிளம்பினாள். ஒரு கைக்குட்டையைத் தயிரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மடித்துக் கொடுத்தேன். அங்கே போய்ப் பாலில் போட்டால் உறைந்துவிடும். கைக்குட்டையை ஏர்போர்ட்டில் யார் பிடிக்கப்போகிறார்கள்? போன வாரம் போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, பக்கத்து ஊட்டுக்காரங்கல்லாம் கேட்டு வாங்கிக்கினு போறாங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தரணியைக் காலேஜை விட்டே அனுப்பப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாக வந்தேன். கிருமி வெளியே போனதற்கு அவள் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் என் பெயரே இல்லையாம். அத்தைக்கு மெஸ் போய்விடுமே என்று நினைத்திருப்பாள். நல்ல பெண். அவள் படிப்பு கெடக் கூடாது.

எச்சரித்தாளா என்று கேட்கிறீர்கள். எச்சரித்தாள்.

"வாயில மட்டும் பட்டுடக் கூடாது அத்தே. சில மாத்திரைக்கே இது அடங்காது. நாங்களே கிளவுஸ் போட்டுக்கினுதான் தொடறோம்."

எல்லாம் காதில் விழுந்தது. அதைக் கேட்ட பிறகுதான் கரண்டியை எடுத்தேன். படித்த பிள்ளைகள் எதற்கும் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுவார்கள். ஹாஸ்டல் மாடியில் சில பையன்களுக்கு வயிற்றுப்போக்கு மாத்திரைக்கு நிற்கவில்லை என்கிறார்கள். அவர்கள் வெளியே பானிபூரி தின்கிறவர்கள்.

மத்தியானம் மெஸ்ஸில் நீங்கள் மூவரும்கூட அந்தத் தயிரை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. முகம் வாட வேண்டாம் கண்ணுங்களா, ஒன்றும் ஆகாது. நான் பெற்ற பிள்ளைக்குப் போடுவது போலத்தான் எல்லாருக்கும் போட்டேன். வீட்டுக்கு மட்டும் கடைத் தயிர் வாங்குகிறேன். என் பிள்ளைக்கு வாழைப்பழ வாசனை ஒத்துக்கொள்ளாது.