வலது பக்கத்துச் செயின்

— மாமா, என் மாடல் டாங்கியோட வலது பக்கச் செயினைத் தொட்டது நீங்களா, பூனையா?

— நம்ம வீட்ல பூனை கிடையாதே, மாப்ள.

— அப்ப நீங்கதான்.

— கழட்டித் திருப்பி மாட்டினேன். நல்லாத்தானே இருக்கு?

— பிரமாதம்! பெட்டியோட வந்த ரப்பர் பட்டையை அஞ்சு நிமிஷத்துல மாட்டியிருக்கலாம். பொம்மை மாதிரி இருக்கும்னு தூக்கிப் போட்டுட்டு, தனித்தனிக் கண்ணியா வாங்கினேன். பக்கத்துக்கு எண்பத்தாறு. ஒவ்வொண்ணா தேய்ச்சு, ஊசி மாதிரி கம்பியில கோத்து... மூணு மாசம், மாமா! நீங்க ஒரே மத்தியானத்துல வேலையை முடிச்சிட்டீங்க.

— மூணு மாசமா எம் பொண்ணு மூஞ்சியைவிட அந்தக் கண்ணிங்களத்தான் அதிகம் பாத்தீங்க.

— பேச்சை மாத்தாதீங்க. இடது செயின்ல கண்ணி மேல இருக்கற அம்புக் கூர் முன்னால பாக்குது. வலதுல பின்னால பாக்குது. இந்த டாங்கி என்ன, பாதி சண்டைக்கும் பாதி வீட்டுக்குமா போகுது?

— வீட்டுக்குப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை.

— நாளைக்குக் கண்காட்சி. நடுவர் பூதக்கண்ணாடியோட வருவாரு. ‘என் மாமனார் மெக்கானிக்கா இருந்த டாங்கி’ன்னு அட்டை வேற எழுதி வெச்சிருக்கேன். நம்பர்கூட உங்க பழைய போட்டோவைப் பாத்து எழுதினது. மெக்கானிக்குக்கே செயின் எந்தப் பக்கம்னு தெரியலன்னா ஊரே சிரிக்காது?

— சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்.

— நெசமாச் சொல்லுங்க. பட்டாளத்துல டாங்கிதான் பாத்தீங்களா, இல்ல சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சீங்களா?

— உரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், மாப்ள.

— சரி சரி, கோவிச்சுக்காதீங்க. இப்படிக் குடுங்க, நேரா மாட்டிடறேன்.

— கையை எடுங்க! ஒட்டு, கீறல், நம்பர், எல்லாத்தையும் அந்த டாங்கி மாதிரியே செஞ்சுட்டு, இதை மட்டும் எதுக்குத் தப்பா செய்யறீங்க?

— எது தப்பு? நேரா மாட்டறதா?

— அன்னிக்கு ஒரே மழை. வலது செயின் அறுந்து போச்சு. சீக்கிரம், சீக்கிரம்னு மேல இருந்து கத்தறாங்க. அவசரத்துல இதே மாதிரி முன்பின்னா திருப்பி மாட்டினவன் நான்தான்.

— திருப்பி மாட்டினாலும் ஓடுமே, மாமா.

— சமதரையில ஓடும். சேத்துல பிடிப்பு இருக்காது. ஆத்தங்கரை மேடு ஏறும்போது வழுக்கி, அப்படியே தண்ணிக்குள்ள போயிடுச்சு. போட்டோல பல்லைக் காட்டிட்டு நிக்கறாங்களே நாலு பேர், அவங்க உள்ள.

— மாமா... நீங்க?

— நான் கரைமேல நின்னு, ‘வா, வா, பயப்படாம ஏறு’ன்னு கை காட்டிட்டு இருந்தேன்.