பூனைக்குப் போடாத ஊசி

“எங்க வூட்டுக்காரருக்கும் பூனைக்கும் ஒரே வியாதி.”

கதிர்காமம் போகும் டெம்போவில் எனக்கு எதிரே, மீன் வாங்கிய ஒயர்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள்தான் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரித்துவிட்டாள்.

“பூனைக்கு சுகராக்கா?”

“ஆமாண்டி. தினம் ஊசி போடணும்னாரு மாட்டு டாக்டரு. இவருக்கும் ஊசின்னு எப்பவோ எழுதிக் குடுத்தாச்சு, பயந்துக்கிட்டுத் தொடவே மாட்டாரு. பூனை மெரளுதுன்னதும், ‘பாருடா, அப்பா மொதல்ல போட்டுக்கிறேன்’னு அது எதிர்ல உக்காந்து போட்டுக்க ஆரம்பிச்சாரு!”

“அடேயப்பா! அதுக்குச் சாப்பாடு?”

“பால்சோறு நிறுத்தியாச்சு. வேகவச்ச மீன் மட்டுந்தான். அதைத் தின்னாத்தான் ஊசி. காதுல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மிஷின்ல பார்ப்பேன். போன வாரம் டாக்டரு, ‘சுகர் சரியாயிடுச்சு, பூனைக்கு இனி ஊசியே வேணாம்’னுட்டாரு.”

“நல்லதாப் போச்சுக்கா! மாமாவுக்கு ஒரே சந்தோஷமா இருக்குமே?”

அம்மாள் டெம்போவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்தேன்.

“அவருகிட்ட எங்க சொன்னேன்? சொன்னா மறுநாளே தன்னோட ஊசியையும் நிறுத்திடுவாரு. மூடியைக் கழட்டாத சிரிஞ்சைப் பூனை முதுகுல வச்சு வச்சு எடுக்கறேன். அது பாட்டுக்குத் தூங்குது. இவருதான் கண்ணை இறுக மூடிக்கிட்டு, ‘பொறுத்துக்கடா கண்ணு, நமக்கு எழுதுனது அவ்ளோதான்’ங்கறாரு.”